ஹம்மிங்பேர்ட் கேக் எங்கே சொதப்புகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஈஸ்டர் நெருங்கினால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்தக் கேக் இல்லாத பொட்லக் மேசையை, அதாவது ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்து மேசையை, பார்ப்பது அபூர்வம். மூன்று அடுக்கு, உள்ளே வாழைப்பழம், அன்னாசி, பீக்கன் பருப்பு, லேசாகப் பட்டை வாசம், வெளியே கிரீம் சீஸ் ஃப்ராஸ்டிங். பிறந்த வீடு ஜமைக்கா. அங்கே இதற்கு டாக்டர் பேர்ட் கேக் என்று பெயர், அந்த டாக்டர் பேர்ட் ஒரு வகை ஹம்மிங்பேர்ட், அந்நாட்டின் தேசியப் பறவையும்கூட. வடக்கு கரோலினாவின் கிரீன்ஸ்பரோவிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய செய்முறை 1978 பிப்ரவரியில் 'சதர்ன் லிவிங்' இதழில் வெளியான பிறகுதான் இது வீட்டுக்கு வீடு பரவியது.

செய்வதற்குச் சுலபமான கேக், மாவு கலக்க மிக்சர்கூட வேண்டாம், ஒரு பெரிய பாத்திரமும் கரண்டியும் போதும். அப்படி இருந்தும் "நடுவில் அமுங்கிப்போச்சு", "ஃப்ராஸ்டிங் வழியுது" என்று வருடா வருடம் வசந்த காலத்தில் அதே புலம்பல்கள் கேட்கின்றன. என்னைக் கேட்டால் இதில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி தண்ணீர்க் கணக்கில் வருபவை. கேக் நாக்கில் மெத்தென்று இருப்பதற்கு முக்கியக் காரணம் எண்ணெய். பழம் கொண்டுவருவது வாசனை, இனிப்பு, கூடவே ஏகப்பட்ட தண்ணீர். பழத்தை அதிகம் போட்டால் கேக் இன்னும் மிருதுவாகும் என்று நினைத்து அள்ளிப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் அளவு, இதை வைத்துத்தான் கீழே எல்லாம் பேசப்போகிறேன். மைதா 3 கப், அதாவது 375 கிராம். சர்க்கரை 2 கப், 400 கிராம். சமையல் சோடா, உப்பு, பட்டைத்தூள் தலா 1 டீஸ்பூன். முட்டை 3. வெனிலா ஒன்றரை டீஸ்பூன். வாசனை இல்லாத எண்ணெய் பழைய செய்முறையில் ஒன்றரை கப். இப்போது பலரும் 1 கப்போடு நிறுத்துகிறார்கள், நானும் அப்படித்தான், ருசியில் ஒன்றும் குறைவதில்லை. நொறுக்கிய அன்னாசி சின்ன டப்பா ஒன்று, 227 கிராம், சாறோடு. பொடியாக நறுக்கிய வாழைப்பழம் 2 கப், சுமார் 300 கிராம். நறுக்கிய பீக்கன் 1 கப். 9 இஞ்ச் வட்ட டின் மூன்று, 350 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 175, நேரம் 25 முதல் 30 நிமிடம்.

நடுவில் குழி விழுகிறது, வெட்டினால் பிசுபிசு என்று ஒட்டுகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான், இதற்குக் காரணம் ஒன்றல்ல, அதனால் வரிசையாகப் பாருங்கள்.

முதல் சந்தேகம் வாழைப்பழத்தின் மேல். செய்முறையில் இருப்பது நறுக்கிய பழம் 2 கப். நாம் என்ன செய்வோம், கறுத்துப்போன பழத்தை எடுத்து முள்கரண்டியால் மசித்து 2 கப் நிரப்புவோம். நறுக்கிய துண்டுகளுக்கு நடுவே காற்று இருக்கும், மசித்த பழத்தில் அது இல்லை, ஆகவே 300 கிராம் வர வேண்டிய இடத்தில் 450 கிராம் வரும். வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் உங்களுக்கே தெரியாமல் அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரை மாவில் ஊற்றிவிட்டீர்கள். மசித்துப் போடுவது தப்பில்லை, தராசில் வைத்து 300 கிராமோடு நிறுத்துங்கள், அவ்வளவுதான். ஃப்ரீசரில் கிடந்த பழம் என்றால் உருகியதும் பழுப்பு நிறத்தில் ஒரு சாறு தேங்கும், அது நல்ல ருசியான சாறுதான், ஆனால் அப்படியே கொட்டினால் மாவு நீர்த்துவிடும். வடிகட்டி ஒரு சின்னச் சட்டியில் பாதியாகச் சுண்டவிட்டு, ஆறியதும் பழத்தோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் அன்னாசி டப்பா. கடையில் சின்ன டப்பாவும், அதைப் போல இரண்டரை மடங்கு உள்ள 567 கிராம் டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லாததால் பெரியதை எடுத்து வந்து, "மிச்சத்தை என்ன செய்வது" என்று முழுவதையும் போட்டுவிடுகிறார்கள். செய்யாதீர்கள். 227 கிராம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தயிரில் போட்டுச் சாப்பிடுங்கள். டப்பாவில் சர்க்கரைப் பாகு ஊற்றியதா, அன்னாசிச் சாறு ஊற்றியதா என்றும் பார்த்துவிடுங்கள், சாறு ஊற்றியதுதான் இதற்குச் சரி.

மாவு கலந்ததும் அதன் பதத்தைப் பார்த்தாலே கணக்கு சரியா என்று தெரிந்துவிடும்: இட்லி மாவை விடக் கெட்டியாகவும் வடை மாவை விடத் தளர்வாகவும் இருக்க வேண்டும், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒழுகாமல் சோம்பலாகத் தொப் என்று விழ வேண்டும். தண்ணீராக ஓடினால் டின்னில் ஊற்றும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், இது குழி விழப்போகிற கேக்.

பழக் கணக்கு சரியாக இருந்தும் குழி விழுந்தால் வேகவில்லை என்று பொருள். ஓவனின் குமிழ் காட்டும் சூடு ஒன்று, உள்ளே இருக்கும் சூடு வேறொன்று. சில நூறு ரூபாய்க்கோ சில டாலருக்கோ கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தால் 25 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகக் காட்டுவது சர்வசாதாரணம். குச்சி குத்திப் பார்ப்பதையும் இந்தக் கேக்கில் முழுதாக நம்பக் கூடாது. குச்சி ஒரு வாழைப்பழத் துண்டில் இறங்கினால் வெந்த கேக்கிலும் ஈரமாகத்தான் வரும், பழம் இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினால் அரை வேக்காட்டிலும் சுத்தமாக வந்துவிடும். நடுப்பகுதியிலேயே மூன்று இடத்தில் குத்துங்கள். அதைவிட நல்லது, மாமிசத்துக்கு வைத்திருக்கும் முனைத் தெர்மாமீட்டரை நடுவில் இறக்குவது: 205 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 96 செல்சியஸ் தொட்டிருந்தால் தைரியமாக எடுக்கலாம். முதல் 20 நிமிடம் ஓவன் கதவைத் திறக்காதீர்கள், ஆசை அடக்க முடியவில்லை என்றால் கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

எடுத்த உடனே நடு ஆடுவது தெரிந்தால் டின்னோடு திரும்ப உள்ளே வைத்து, மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாகப் போட்டு 8, 10 நிமிடம் விடலாம், பெரும்பாலும் தேறிவிடும். ஆறிய பிறகு கண்டுபிடித்தால் திரும்பச் சுடுவதில் பிரயோஜனமில்லை. வெந்த ஓரங்களைப் பிய்த்துக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஃப்ராஸ்டிங்கோடு அடுக்கிக் கொடுங்கள், விருந்தாளிகள் அதுதான் திட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மேலே நன்றாக இருக்கிறது, அடியில் மட்டும் ஒரு கெட்டிப் பட்டை

இது முந்தையதற்குத் தம்பி, ஆனால் காரணம் கொஞ்சம் மாறும். வெட்டிய துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். அடியில் விரல் தடிப்புக்கு ரப்பர்த்தனமான, நிறம் கூடிய ஒரு கோடு, அதற்கு மேலே செங்குத்தாக நீண்ட ஓட்டைகள் இருந்தால் மாவை அதிகமாக அடித்துவிட்டீர்கள். முட்டையும் எண்ணெயும் ஊற்றிய பிறகு காய்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத வரை கிளறினால் போதும், அப்புறம் பழமும் பருப்பும் போட்டு அடியிலிருந்து மேலாக நாலு புரட்டு. கையால் கிளறச் சொல்வதே இதற்காகத்தான். மிக்சரில் போட்டு மழமழ என்று வரும் வரை அடிப்பது மற்ற கேக்குகளின் பழக்கம்.

ஓட்டைகள் இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அடிச்சூடு போதவில்லை. டின்னை நடுத்தட்டில் வையுங்கள், ஓவனைக் குறைந்தது 20 நிமிடமாவது முன்சூடு செய்யுங்கள்.

ஓரம் கருகிவிட்டது, நடு இன்னும் வேகவில்லை

டின் அளவை மாற்றினீர்களா? மூன்று 9 இஞ்ச் டின்களின் அடிப்பரப்பைக் கூட்டினால் சுமார் 190 சதுர இஞ்ச். வீட்டில் இருக்கும் இரண்டு 8 இஞ்ச் டின்களில் அதே மாவை ஊற்றினால் பரப்பு 100தான், மாவு கிட்டத்தட்ட இரட்டை உயரத்தில் நிற்கும். பழம் நிறைந்த கனமான மாவு அந்த உயரத்தில் நடுவரை வேகும் முன் ஓரம் கறுத்துவிடும். இரண்டு டின்தான் இருக்கிறது என்றால் பாதி உயரம் மட்டும் ஊற்றுங்கள், மிச்சத்தைக் கப்கேக்காக ஊற்றி 18, 20 நிமிடம் சுட்டால் பிள்ளைகளுக்கு ஆயிற்று.

கறுப்பு நிற நான்ஸ்டிக் டின் சூட்டை வேகமாக இழுக்கும், காற்றாடி ஓடும் ஓவனும் அப்படியே. இரண்டில் எது இருந்தாலும் 25 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் சுமார் 15 டிகிரி குறைத்து வையுங்கள். நடு மட்டும் கோபுரமாக எழும்பி ஓரம் தாழ்ந்திருந்தால் அதற்கும் இதே மருந்துதான். இன்னொரு வழி, பழைய துண்டைக் கிழித்து நனைத்துப் பிழிந்து டின்னைச் சுற்றி ஊக்கு குத்திவிடுவது, ஓரம் மெதுவாக வேகும், கேக் சமமாக எழும்பும்.

இந்தியாவில் மேசை மேல் வைக்கும் சின்ன ஓடிஜி ஓவன் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தலைவலி: ஒரு நேரத்தில் ஒரு டின்தான் நுழையும். மிச்ச மாவு மேடையில் காத்திருக்கும், சோடாவோ பழத்தின் புளிப்பைத் தொட்ட நொடியே வேலையை ஆரம்பித்துவிடும். முதல் அடுக்கு நன்றாக எழும்பி மூன்றாவது அடுக்கு தட்டையாக வருவது இதனால்தான். உலர்ந்த பொருட்களைக் கலந்து தராசில் மூன்று பங்காகப் பிரித்து வைத்துவிட்டு, முட்டை எண்ணெய்ப் பழக் கலவையையும் மூன்றாக்கி, ஒவ்வொரு டின்னுக்கும் உள்ளே வைக்கும் முன் மட்டும் ஒன்று சேருங்கள். மூன்று முட்டை, மூன்று டின், கணக்கும் சுலபம். மேல்கம்பி வெகு அருகில் இருந்தால் பாதி நேரத்துக்குப் பிறகு அலுமினியத் தாள் போடுங்கள்.

இவ்வளவு பழம் போட்டும் வறவற என்று இருக்கிறது

மாவை எப்படி அளந்தீர்கள் என்று பாருங்கள். கப்பை மாவுப் பைக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 1 கப் 150 கிராம்கூட வரும். கரண்டியால் போட்டு மேலே சீவினால் 125. மூன்று கப்புக்கு 75 கிராம் கூடுதல், அந்த மாவு எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும். தராசு வாங்குங்கள் என்பதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாது எனக்கு.

பழம் பழுக்கவில்லை என்பதும் ஒரு காரணம். காம்பில் பச்சை இருக்கும் பழத்தில் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறியிருக்காது, கேக்கும் மந்தமாக வரும், ருசியும் இராது. தோலில் கரும்புள்ளிகள் நிறைய விழுந்த பழம் வேண்டும். அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது கேவண்டிஷ், ஊரில் மோரிஸ் அல்லது பச்சைப்பழம் என்று விற்பதும் அந்த வகைதான். நேந்திரம் வேண்டாம், அது நீர் குறைந்த, மாவுத்தன்மை கூடிய பழம், இந்த அளவுக்கு ஒத்துவராது.

அதிக நேரம் சுட்டுவிட்டீர்கள் என்றால் ஒரு சமாளிப்பு உண்டு. மீந்த அன்னாசிச் சாறில் கொஞ்சம் சர்க்கரை கரைத்துச் சூடாக்கி, அடுக்கின் மேல் குச்சியால் ஓட்டை போட்டு, பிரஷ்ஷால் இரண்டு மூன்று ஸ்பூன் தடவுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் மேலே ஈரமும் உள்ளே வறட்சியுமாக இரண்டும் கெட்டானாகிவிடும்.

பொங்கி வழிந்தது, அல்லது சோப்பு வாடை

அமெரிக்காவில் இருப்பவர்கள் மாவுப் பையின் முன்பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள். தென் மாநிலக் கடைகளில் செல்ஃப் ரைசிங் மாவும் சாதாரண மாவும் ஒரே நிறப் பையில் அருகருகே நிற்கும், வொயிட் லில்லி மாவு வாங்குகிறவர்கள் இதில் ஏமாறுவது சகஜம். செல்ஃப் ரைசிங்கில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதன் மேல் நீங்களும் சோடாவும் உப்பும் போட்டால் மாவு டின்னைத் தாண்டும், பிறகு நடுவில் இடிந்து விழும், உப்புக் கரிக்கும். கையில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் உப்பை முழுதாக நிறுத்துங்கள், சோடாவைக் கால் டீஸ்பூனாகக் குறையுங்கள்.

வாசனை சோப்பு மாதிரி வந்து, உள்ளே நிறம் கருஞ்சிவப்பாக இருந்தால் சோடா கூடிவிட்டது. டீஸ்பூனைக் கோபுரமாக அள்ளக் கூடாது, கத்தியால் சீவ வேண்டும். கட்டியாக இருக்கும் சோடாவைச் சலிக்காமல் போட்டால் ஒரு துண்டில் மட்டும் அந்த வாடை வரும், அது யார் தட்டுக்குப் போகும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

எழும்பவே இல்லையா? சோடாவில் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் சொட்டுங்கள். பொங்கவில்லை என்றால் புதிய பாக்கெட்.

பீக்கன் கசக்கிறது, நமத்துப்போய் இருக்கிறது

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. கசப்பில் முதலில் பழைய பருப்பைச் சந்தேகிக்க வேண்டும். பீக்கனில் எடைக்கு 70 சதவீதம் கொழுப்பு, வெளியே வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்; வாங்கியதும் ஃப்ரீசரில் போடுவதுதான் முறை, கிறிஸ்துமஸுக்கு வாங்கி அலமாரியில் கிடந்ததை ஏப்ரலில் எடுத்தால் ஒன்றை மென்று பார்க்காமல் போடாதீர்கள். பருப்பு புதியதாக இருந்தும் கசந்தால் அதன் முதுகுப் பள்ளத்தை நன்றாகப் பாருங்கள். இரண்டு பாதிகளையும் பிரிக்கும் செம்பழுப்புச் சவ்வு உடைந்து அந்தப் பள்ளத்தில் சின்னச் சின்னத் தூளாக ஒட்டிக்கொண்டிருக்கும், கசப்பு முழுவதும் அதில்தான். ஓட்டோடு வாங்கி உடைக்கிறவர்களுக்கு இது கட்டாயம் இருக்கும். பல்குச்சியால் நெம்பிவிட்டு, ஒரு சல்லடையில் போட்டுக் குலுக்கினால் உதிர்ந்துவிடும்.

நமத்துப்போவதற்கு மருந்து வறுப்பது. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 8 முதல் 10 நிமிடம், வாசனை வந்ததும் எடுத்து, முழுதாக ஆறவிட்டு, அப்புறம் நறுக்குங்கள். வறுக்காத பருப்பு ஈர மாவில் கிடந்து சொதசொத என்று ஆகிவிடும். பீக்கன் கிடைக்காவிட்டால் வால்நட் போடலாம், முந்திரி எனக்குப் பிடிக்கவில்லை, மென்மையோடு மென்மை சேர்ந்து கடிபடும் பொருளே இல்லாமல் போகிறது.

பழமும் பருப்பும் அடியில் தங்குகிறது

மாவு நீர்த்திருக்கிறது, மேலே சொன்ன பதத்தைப் பாருங்கள். துண்டுகள் பெரிதாக இருந்தாலும் இறங்கும், கொண்டைக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். மாவில் புரட்டிப் போடுங்கள் என்று சொல்வார்கள், கெட்டியான மாவுக்கு அது தேவையே இல்லை, நீர்த்த மாவுக்கு அது உதவுவதும் இல்லை.

டின்னிலிருந்து வர மறுக்கிறது

அன்னாசியின் சர்க்கரை உருகி ஒட்டிக்கொள்ளும். வெண்ணெய் தடவி, அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பர் போட்டுவிட்டால் இந்தப் பேச்சே எழாது. எடுத்ததும் 10 நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்க்க வேண்டும். சுடச்சுடக் கவிழ்த்தால் உடையும், முழுதாக ஆறவிட்டால் ஓரச் சர்க்கரை இறுகிப் பிடித்துக்கொள்ளும். மறந்துவிட்டால் டின்னை மிதமான ஓவனில் இரண்டு நிமிடம் வைத்தெடுத்துப் பாருங்கள்.

ஃப்ராஸ்டிங் வழிகிறது

பழைய செய்முறைப்படி கிரீம் சீஸ் 454 கிராம், வெண்ணெய் 227 கிராம், ஐசிங் சுகர் 907 கிராம். ஆமாம், கிட்டத்தட்ட ஒரு கிலோ சர்க்கரை. அது இனிப்புக்கு மட்டும் அல்ல, நிற்பதற்கும்தான். நம் நாக்குக்குத் திகட்டும் என்று 450, 500 கிராமாகக் குறைக்கலாம், நானும் குறைத்துத்தான் போடுகிறேன், ஆனால் அந்தக் கலவை தளர்வாக இருக்கும், குளிரில் வைத்து வைத்துத்தான் பூச வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வழிவதற்கு முதல் காரணம் தப்பான கிரீம் சீஸ். வெள்ளித்தாளில் சுற்றிய கட்டி வேண்டும். ரொட்டியில் தடவுவதற்காகக் குப்பியில் வருவது ஏற்கெனவே இளக்கிய சரக்கு, கொழுப்பு குறைத்தது இன்னும் மோசம். குப்பிதான் கிடைக்கிறது என்றால் மெல்லிய துணியில் கட்டி ஒரு வடிகட்டியில் வைத்து ராத்திரி முழுவதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஓரளவு கைகொடுக்கும்.

இரண்டாவது, அடிக்கும் வரிசை. கிரீம் சீஸில் இருக்கும் தண்ணீரைப் புரதம்தான் பிடித்துவைத்திருக்கிறது. அதைச் சர்க்கரையோடு போட்டு வெகுநேரம் அடித்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும், வெளியே வரும் தண்ணீரில் சர்க்கரை கரைந்து எல்லாம் கூழாகும். அப்போது எல்லோரும் செய்யும் காரியம் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுவது. அது கரைந்து மேலும் பாகாகி இளகும், பிறகு இன்னும் கொஞ்சம் சர்க்கரை, முடிவே இருக்காது. வரிசையை மாற்றுங்கள். வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் மினுமினுப்பு ஒட்டக் கூடாது. அதைத் தனியாக இரண்டு மூன்று நிமிடம் அடித்து, சர்க்கரையைப் போட்டு அடித்து, கடைசியில் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த கிரீம் சீஸைத் துண்டு துண்டாகப் போட்டு ஒன்றாகும் வரை மட்டும் ஓட்டுங்கள். வழுவழுப்பானதும் கை எடுத்துவிட வேண்டும்.

ஏற்கெனவே இளகிவிட்டதென்றால் பாத்திரத்தோடு 40 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துக் கையால் கிளறிப் பாருங்கள், மிக்சர் பக்கம் போகாதீர்கள். சென்னை மே மாதச் சமையலறை 33 டிகிரியில் இருந்தால் வெண்ணெய் உருகும் எல்லையில் நிற்கிறது, எந்த வித்தையும் பலிக்காது. ஏசி அறைக்கு மேசையை மாற்றுங்கள்.

நறநற என்று இருந்தால் சர்க்கரை சரியாகப் பொடியாகவில்லை. கடையில் வரும் ஐசிங் சுகரில் கொஞ்சம் சோளமாவு சேர்ந்திருக்கும், அது ஈரத்தையும் பிடிக்கும். மிக்ஸியில் வீட்டிலேயே பொடிக்கிறவர்கள் 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு டீஸ்பூன் சோளமாவு போட்டு அரைத்து, மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலிக்க வேண்டும்.

ஃப்ராஸ்டிங் கசக்கிறது, சில இடத்தில் மட்டும் நீர்விடுகிறது

பச்சை அன்னாசித் துண்டை மேலே வைத்து அலங்கரித்தீர்களா? அன்னாசியில் இருக்கும் புரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தை வெட்டிவிடும், சில மணி நேரத்தில் அந்த இடம் இளகிக் கசக்கும். டப்பா அன்னாசியைச் சூடு காட்டித்தான் அடைக்கிறார்கள், அதனால் அதில் நொதி செத்துவிட்டிருக்கும், மாவுக்குள் போடும் பச்சைப் பழத்திலும் அது ஓவன் சூட்டில் செத்துவிடும். ஆபத்து பச்சைப் பழத்தை நேராகக் கிரீமில் வைப்பதில் மட்டும்தான். மாவுக்குப் புதிய அன்னாசியை நறுக்கிப் போட விரும்பினால் தாராளமாகப் போடலாம், சாறோடு நிறுத்து 227 கிராம்.

அன்னாசிப் பூக்கள் துவண்டுவிட்டன

வசந்த காலத்துக்கு இந்தக் கேக்கின் தலையில் வைக்கும் மஞ்சள் பூக்கள் காய்ந்த அன்னாசி வளையங்கள்தான், பார்க்க அவ்வளவு அழகு. பழத்தின் கண்களை ஆழமாகச் செதுக்கி எடுத்துவிட்டு, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவுங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் காயாது. ஒவ்வொன்றையும் இரண்டு டிஷ்யூ நடுவே வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றி, பட்டர் பேப்பரில் பரப்பி, 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பி, மறுபடி அரை மணியிலிருந்து ஒரு மணி. ஓரம் சுருண்டு, நடு ஈரமில்லாமல் இருக்கும்போது எடுத்து, சூடாகவே மஃபின் டின் குழிகளில் அமுக்கி ராத்திரி விட்டால் கிண்ணப் பூவாக நிற்கும். பழுப்பாகிவிட்டால் சூடு அதிகம். துவண்டுவிட்டால் நீங்கள் கேக்கில் வெகு சீக்கிரம் வைத்துவிட்டீர்கள், கிரீமின் ஈரம் ஏறிவிட்டது. பரிமாறும் நேரத்தில் வையுங்கள், அதுவரை காற்றுப் புகாத டப்பா.

அடுக்குகள் வழுக்குகின்றன, பக்கவாட்டில் பிதுங்குகிறது

கேக் முழுதாக ஆறவில்லை, அல்லது மேல் கூம்பைச் சீவவில்லை. ஒவ்வொரு அடுக்கையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுவதும் வைத்துவிட்டு அடுக்குங்கள். குளிர்ந்த கேக் பூசும்போது உதிராது, தானே கொஞ்சம் அமர்ந்தும் இருக்கும், அதனால் பிறகு பிதுங்காது. முதலில் மெல்லிய ஒரு பூச்சு, துகள்கள் அதில் மாட்டிக்கொள்ளட்டும், 30 நிமிடம் ஃப்ரிட்ஜ், அப்புறம் அசல் பூச்சு. காரில் எடுத்துப்போகிறீர்கள் என்றால் தடித்த ஸ்ட்ரா மூன்றை மேலிருந்து அடிவரை இறக்கி மட்டமாக வெட்டிவிடுங்கள், சரிவில் பிரேக் போட்டாலும் நகராது.

மறுநாள் கேக்கின் மேல் வியர்வை

கிரீம் சீஸ் இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெண்ணெய்க் கேக் கல்லாக இறுகும், இது எண்ணெய்க் கேக் என்பதால் அப்படி ஆகாது, மூன்று நான்கு நாள் மெத்தென்றே இருக்கும். சொல்லப்போனால் இரண்டாம் நாள்தான் ருசி கூடும். வியர்ப்பது குளிர்ந்த கேக்கை ஈரக்காற்றில் திறப்பதால். மூடியோடு வெளியே எடுத்து, 40 நிமிடம் மூடியபடியே விட்டு, நீர் டப்பாவின் வெளிப்பக்கம் படிந்ததும் துடைத்துவிட்டுத் திறங்கள். மிச்சத்தைத் துண்டு போட்டு, பூக்களை எடுத்துவிட்டு, தட்டில் வைத்து ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் இறுகவிட்டுப் பிறகு தனித்தனியாகச் சுற்றி வைத்தால் ஃப்ராஸ்டிங் தாளில் ஒட்டாது; வேண்டும்போது ஒரு துண்டை ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.